உருகாகினாவா, உருஇனிம்கினாவா?

கி.மு. 24ஆம் நூற்றாண்டில், இன்றைய தென் ஈராக்கிலிருந்த லகாஷ் நகர அரசை ஆண்ட மன்னர் ஒருவரைப் பழைய நூல்கள் உருகாகினா என்கின்றன. புதியவை உருஇனிம்கினா என்கின்றன, சிலவற்றில் இரிகாகினா. ஆள் ஒருவரே.

ஆப்பெழுத்தில் அவர் பெயருக்கு நான்கு குறிகள். முதல் குறி நகரத்தைச் சுட்டுவது. ‘உரு’ என்றதும் நமக்கு ‘ஊர்’ நினைவுக்கு வரும். அவசரப்பட்டு உறவு கொண்டாட வேண்டாம். அன்றைய லகாஷில் அதை ‘இரி’ என்றே ஒலித்தார்கள் என அறிஞர் பலர் கருதுகிறார்கள். அவர்கள் பேசிய சுமேரிய மொழிக்கு உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவுமில்லை.

இரண்டாவது குறியில்தான் சிக்கல். தொடக்கத்தில் அது ஒரு மனிதத் தலை. வாய்ப்பக்கம் மட்டும் கோடுகள் இழைத்திருக்கும். ‘கா’ என்று படித்தால் வாய், ‘இனிம்’ என்று படித்தால் சொல். பல்லுக்கும் மூக்குக்கும் குரலுக்கும்கூட இதே குறிதான். எந்த இடத்தில் எப்படிப் படிப்பது என்பது அன்றைய எழுத்தருக்குத் தெரியும்; நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கடைசி இரண்டும் சேர்ந்தால் ‘கினா’: உறுதியானது, மெய்யானது. இதில் ‘கி’ என்பது நாணலின் படம். நாணலைச் சுமேரியர் ‘கி’ என்பார்கள். ஒலிக்காக மட்டும் அதை இங்கே கடன் வாங்கியிருக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் அதைப் பதித்த எழுதுகோலும் நாணல்தான்!

‘இனிம் கினா’, அதாவது உறுதியான சொல், என்ற தொடர் சுமேரியத்தில் வேறிடங்களிலும் வருகிறது. அதனால் என் மனம் அந்த வாசிப்பின் பக்கமே சாய்கிறது.

அந்த மன்னருடைய சொல் களிமண் கூம்புகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிணத்தை அடக்கம் செய்ய வருபவர் முன்பு 7 குடம் பியரும் 420 ரொட்டியும் வாங்கிக்கொண்டிருந்தார். அதை 3 குடம், 80 ரொட்டி என்று மன்னர் குறைத்தார். கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களை விடுவித்தார். அந்த விடுதலைக்குப் பெயர் ‘அமர்கி’, தாயிடம் திரும்புதல். இதிலுள்ள ‘கி’ வேறு குறி, ‘திரும்பு’ என்ற வினை. மன்னர் பெயரிலுள்ள ‘கி’யோடு ஒலியில் மட்டுமே ஒற்றுமை.

பிறகு உம்மா நகரத்து லுகல்சகெசி படையெடுத்து வந்து லகாஷின் கோயில்களைக் கொளுத்தினான். அந்த அழிவைக் களிமண் பலகையில் வரிசையாகப் பதிந்த எழுத்தர், இதில் உருஇனிம்கினாவின் குற்றம் ஏதுமில்லை என்று முடிக்கிறார். தோற்றவருக்குக் ‘கிர்சுவின் அரசர்’ (கிர்சு லகாஷ் அரசைச் சேர்ந்த நகரம்) என்ற பட்டம் அங்கே அப்படியே இருக்கிறது; வென்றவனுக்கு ‘உம்மாவின் ஆளுநன்’ என்பதோடு சரி.