ஒரு கிலோ எண்ணெய்... ஒரு லிட்டர் எண்ணெய்... ரெண்டும் ஒண்ணா பாஸ்?

சின்னசேலம் பக்கம் மரச்செக்குக் கடையில் நின்னா, ஒருத்தர் "ஒரு லிட்டர் கடலெண்ணெய்" என்பார், அடுத்தவர் "ஒரு கிலோ குடுங்கண்ணே" என்பார். ரெண்டும் ஒரே அளவுனு நினைச்சா, கிட்டத்தட்ட 100 மில்லி காணாமப் போகும்!

குழப்பத்துக்குக் காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அதே பாட்டிலில் எண்ணெய் ஊற்றினால் சுமார் 910 கிராம், பால் என்றால் 1,030 கிராம், தேன் என்றால் 1,400 கிராம். இதுதான் ஸ்கூலில் படித்த அடர்த்தி. லிட்டரை கிலோவாக்க அடர்த்தியால் பெருக்கணும். கிலோவை லிட்டராக்க வகுக்கணும். அவ்வளவுதான்.

ஒரு கடையில் லிட்டர் 270 ரூபாய், இன்னொரு கடையில் கிலோ 285 ரூபாய்னு வைங்க. எது லாபம்? 285-ஐ 0.91-ஆல் பெருக்கினா லிட்டருக்கு 259 ரூபாய் சொச்சம். ஆக, கிலோ கடைதான் சீப்!

பாக்கெட் எண்ணெயில் இன்னொரு விஷயம் நடந்துச்சு. எண்ணெய் சூடானால் விரியும், எடை மாறாது. 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில நிறுவனங்கள் 60 டிகிரி வரை வெப்பநிலையைப் போட்டு லிட்டர் கணக்கு காட்டின. (நம்ம ஊர் கத்திரி வெயிலே அவ்வளவு போகாதே!) 2022 ஆகஸ்ட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல், லிட்டரோடு எடையையும் அச்சிடச் சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. அதனால பாக்கெட்டில் லிட்டரை விட்டுட்டு கிராமைப் பாருங்க.

பாலில் கணக்கு தலைகீழ். தராசில் 10 கிலோ காட்டினால் 9.7 லிட்டர்தான். மாடு வெச்சிருக்கிற வீட்டுக்கு இது தினசரி காசு. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் காட்டிக் கொடுத்துடும். ஆனா கொழுப்பை எடுத்தால் அடர்த்தி கூடும்; அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பழைய அளவுக்கே வந்துடும். அதனாலதான் கொழுப்பையும் சேர்த்து டெஸ்ட் பண்றாங்க.

கல்வராயன் மலைப் பக்கம் போனா தேன் வாங்காம யார் வருவாங்க? உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, 27 டிகிரியில் தேனின் ஒப்படர்த்தி குறைந்தது 1.35 இருக்கணும். 750 மில்லி பாட்டில் நிறைய தேன் இருந்தா, காலி பாட்டில் எடையைக் கழிச்சு ஒரு கிலோவுக்கு மேல நிக்கணும். அதுக்குக் கீழே போனா தண்ணிப்பதம் அதிகம், சீக்கிரம் புளிச்சிடும். எடை சரியா இருந்தா சுத்தமான தேன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே எடை வரும்!