பாளையங்கோட்டைக்குப் போனவர்கள்

எங்க இளையரசனேந்தல் பக்கம் 'பாளையங்கோட்டைக்குப் போயிருக்கான்'னா ரெண்டு அர்த்தம்: காலேஜ், மத்தியச் சிறை. சேரிப் பையனென்றால் ஊர்க்காரர் வாயில் எது முதலில் வரும் என்று சொல்லவேண்டியதில்லை.

சிறைக்குள்ளேயே காலேஜ் வந்த கதையும் உண்டு. 1994இல் திகார் சிறையில் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படிப்பு மையம் திறந்தது. பேரறிவாளன் சிறையிலிருந்தே எம்.சி.ஏ. முடித்தார். 2022இல் அவரை விடுவித்த உச்சநீதிமன்றம் அந்தப் படிப்பையும் கணக்கிலெடுத்தது.

பாளையங்கோட்டையிலோ சாதிக்கொரு பிளாக். தேவர், நாடார், பள்ளர் தனித்தனி. பட்டப்படிப்புப் புத்தகத்தோடு ஒருத்தன் திரும்பினாலும் தன் சாதி பிளாக்குக்குத்தான். எதிர்த்து வழக்குப் போட்டபோது 'மோதலைத் தடுக்கத்தான்' என்றது அரசு. 2014இல் உயர்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. (ஊரையும் சேரியையும் பிரிச்சவன் மட்டும் வேறென்ன சொன்னான்?)

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்தச் சமாதானத்தைத் தள்ளியது. தீர்ப்பை வாசிச்சப்ப 1951ஆம் ஆண்டு ராஜஸ்தான் சிறை விதியிலேயே நின்னுட்டேன்: அடுப்படிக்குப் பிராமணர், கக்கூசுக்கு மேத்தர். சுதந்திரம் வந்து நாலு வருஷத்தில் எழுதினது. அதையெல்லாம் ரத்து செய்த நீதிமன்றம், பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது; விதிகளைத் திருத்த மாநிலங்களுக்கு மூன்று மாதக் கெடு.