கல்வெட்டில் இல்லாத பெயர்

போன வருசம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போயிருந்தோம். பெரியப்பா செத்த பிறகு அண்ணா பிதிர்க்கடன் செய்யும் முதல் அமாவாசை. ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டார். அண்ணா சொன்னான். அப்பப்பாவின் பெயர் கேட்டார். அதையும் சொன்னான். "அவருக்கு முதல்?" எண்டு கேட்டபோது அண்ணா என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கனடாவில் இருக்கிற மாமிக்கு எடுத்துப் பார்த்தோம், அங்கே நடுச்சாமம். "பறவாயில்லைத் தம்பி, நினைச்சுக்கொண்டு தண்ணியை விடும்" எண்டார் ஐயர்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அப்பம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தோம். அடியில், உறுதிகளுக்கு நடுவில், 1966இல் அச்சடித்த கல்வெட்டு ஒன்று கிடந்தது. பூட்டனின் பெயர் அதன் அட்டையிலேயே இருந்தது.

எங்கட ஊரில் கல்வெட்டு எண்டால் கல்லில் வெட்டியது அல்ல. சைவ வீடுகளில் அந்தியேட்டி முடிந்து 31ஆம் நாள் வருகிற ஆக்களுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம். படம், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். பழைய கல்வெட்டுகளில் வாழ்க்கை வரலாறும் செய்யுளாகவே இருக்கும். ஊர்ப் புலவர் ஒருவர் பாடிக்கொடுக்க, சபையில் வாசிப்பார்கள். அதாவது ஒரே புத்தகத்துக்குள் பிரார்த்தனையும் குடும்ப வரலாறும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவரைச் சொல்லும்போது திருவள்ளுவர் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார். முன்னோரின் பெயரை அறிந்து வைத்திருப்பது எங்கட ஆக்களுக்கு வழிபாட்டின் ஒரு பகுதி.

இதற்கு வரலாற்றுப் பெறுமதியும் உண்டு. 1981 யூனில் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் கையில் அம்பிட்டதோடு வெளிக்கிட்டது. இதற்குப் பிறகும் ஓர் ஊரின் வாத்தியார், விதானை, கடைக்காரர், சிங்கப்பூர் மலேயாவுக்கு உத்தியோகம் போனவர் பற்றி எழுத்தில் ஏதாவது மிஞ்சியிருந்தால், அது பல இடங்களில் இப்படியான கல்வெட்டுகளில்தான். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைப்பது இதனால்தான்.

ஆனால் கல்வெட்டை அப்படியே நம்பவும் ஏலாது. சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். அரசன் வென்ற நாடுகள் வரிசையாக வரும், தோற்ற கதை வராது. எங்கட வீட்டுக் கல்வெட்டும் மெய்க்கீர்த்திதான். "பேரும் புகழும் பெற்ற குடியில் உதித்து" எண்டு தொடங்கினால், அந்தக் குடிப்பெருமைக்குள் சாதி ஒளிந்திருக்கும். மகன்மாரின் பெயர் இருக்கும், மகள்மார் சில இடத்தில் "இன்னாரின் பாரியார்" எண்டு மட்டும் இருப்பார்கள். சிலர் இருக்கவே மாட்டார்கள்.

1966ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அப்பப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். நான் அதை வாசிக்க, அப்பம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னா: "மூண்டில்லை, நாலு."

நாலாவது ஆள் ஒரு தங்கச்சி. வேறை சாதியில் முடிச்சவவாம். "அவவைக் கழிச்சுப்போட்டினம். நான் கலியாணம் கட்டி வந்த புதுசு. மாமா செத்தண்டைக்கு வேலிக்கு வெளியில நிண்டு அழுதிட்டுப் போனவ. உள்ளுக்கு வா எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லை. நானும் கூப்பிடேல்லை." கடைசி வரியைச் சொல்லிவிட்டு அப்பம்மா கனநேரம் கதைக்கவில்லை.

இந்த வருசம் மாசியில் அப்பம்மாவும் போய்விட்டா. கல்வெட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. வம்சாவளியில் அந்தத் தங்கச்சியின் பெயரையும், கணவர், பிள்ளைகள் பெயரையும் எழுதினேன். அவர்களின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, சம்மதம் கேட்டுத்தான் எழுதினேன். எங்கட பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "புண்ணிய காரியத்தில ஏன் பழசைக் கிளறுறாய்?" எண்டு கேட்டார். எனக்கு அது மறுபக்கமாகப் பட்டது. புண்ணிய காரியம் எண்டபடியால்தான் பொய் இருக்கக்கூடாது. கடவுளுக்கு முன்னால் வாசிக்கிற பட்டியலில் ஓர் ஆளை வெட்டிவிட்டு எந்தத் தேவாரத்தைப் பாடுவது?

இன்னுமொரு பெயரில் கை நின்றுவிட்டது. சித்தப்பா. 2009இல் காணாமல் போனவர். அந்தியேட்டி செய்ய அப்பம்மா கடைசிவரை விடவில்லை. திதி வெண்பாவுக்கு நாள் வேண்டும், எங்களிடம் நாள் இல்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்பதும் இதற்கான பதிலைத்தான். வம்சாவளியில் மற்றவர்களுக்குத் தோற்றம், மறைவு இரண்டும் போட்டோம். சித்தப்பாவுக்குத் தோற்றம் மட்டும். மறைவு எண்ட இடத்தை வெறுமையாக விட்டோம். அப்பம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பா.

31ஆம் நாள் அந்தப் பெரியவர் வந்தார். சாப்பிட்ட பிறகு கதிரையில் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. போகேக்க, பிள்ளையளுக்கு அனுப்ப எண்டு இன்னும் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உங்கட வீட்டிலும் ஒரு றங்குப்பெட்டியோ, அலுமாரித் தட்டோ இருக்கும். கிடக்கிற கல்வெட்டுகளைக் கறையான் தின்ன முதல் படம் பிடித்து வையுங்கள். வீட்டில் வயது போனவர் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசியுங்கள், எங்கே மறிக்கிறார் எண்டு கவனியுங்கள். சொல்வதைத் திகதி போட்டு எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விபரத்தை அவர்களைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள்.

இந்த ஆடி அமாவாசைக்கும் கீரிமலைக்குப் போவோம். ஐயர் கேட்டால் மூன்று தலைமுறையும் அண்ணாவுக்குப் பாடம். அவர் கேட்காத ஒரு பெயரையும் சொல்லித் தண்ணி விடச் சொல்லியிருக்கிறேன்.