முழுமையா, நேரமா? இணையத்தில் படம் வந்த பாதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையம் வழியாகக் கைத்தொலைபேசியில் காற்பந்தாட்டம் பார்க்கிறீர்கள். உங்கள் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில்தான் இருக்கிறது. அதற்குள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் “கோல்!” என்று கத்திவிடுகிறார். “நேரடி ஒளிபரப்பு என்று போடுகிறீர்களே, ஏன் இப்படிப் பிந்தி வருகிறது?” என்று பலரும் கேட்பதுண்டு. இதற்கு விடை தேடினால் ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

பதிவுத் தபால் போல ஒன்று

இணையத்தில் எந்தத் தகவலும் ஒரே மூட்டையாகப் போவதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. வழியில் சில தொலையும். சில முன்பின்னாக வந்து சேரும். இதற்கு 1974 மே மாதம் ஒரு வழி சொன்னவர்கள் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பிறந்ததுதான் டிசிபி என்னும் நெறிமுறை.

இது பதிவுத் தபாலைப் போன்றது. பெறுபவர் “கிடைத்தது” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்புபவர் மறுபடியும் அனுப்புவார். எல்லாம் வரிசையாகச் சேர்ந்த பிறகே உள்ளே கொடுக்கப்படும். கடிதத்திற்கும் வங்கிக் கணக்கிற்கும் இதுவே சரி. ஓர் எண் விடுபட்டாலும் கணக்கு பிழையாகிவிடுமே!

ஆனால் மனிதர் பேசும் பேச்சுக்கு?

அதே 1974ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆர்பாநெட் என்ற அன்றைய வலையமைப்பின் வழியாகக் குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு முனை தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். மறுமுனை மாசசூசெட்சில் உள்ள லிங்கன் ஆய்வகம். இந்த முயற்சியில் முன்னின்றவர் டேனி கோஹென். சோதனைகள் ஓர் உண்மையைக் காட்டின. பேச்சில் ஓர் எழுத்து சிதைந்தால் காது சமாளித்துக்கொள்ளும். அந்த ஓர் எழுத்துக்காக மூன்று விநாடி நின்றுவிட்டால் உரையாடலே முறிந்துவிடும். தொலைந்ததைத் திரும்ப அனுப்பினாலும், அது வந்து சேரும்போது அதற்குரிய நேரம் கடந்துபோயிருக்கும்.

எல்லாரையும் பதிவுத் தபாலுக்குள் தள்ளாதீர்கள் என்று கோஹெனும் வேறு சிலரும் வாதாடினார்கள். 1978இல் முகவரி பார்த்துக் கொண்டு சேர்க்கும் வேலை ஐபி என்று தனியே பிரிக்கப்பட்டது. 1980 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஜான் போஸ்டல் மூன்றே பக்கத்தில் இன்னொரு நெறிமுறையை எழுதி வெளியிட்டார். அதுதான் யுடிபி. இது சாதாரணத் தபால். ரசீது கிடையாது, வரிசை கிடையாது, மறுபடி அனுப்புவதும் கிடையாது. போட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

நெரிசல் கற்பித்த பாடம்

1986 அக்டோபரில் இணையம் ஒரு நெரிசலில் சிக்கியது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே சுமார் 400 கஜ தூரம்தான். விநாடிக்கு 32,000 பிட் ஓட வேண்டிய அந்தத் தொடர்பில் 40 பிட் மட்டுமே ஓடியது. தொலைந்த பொட்டலங்களை எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. பாதை அடைபட்டால் வேகத்தைக் குறைக்கும் முறையை வான் ஜேக்கப்சன் வகுத்தார். அதை விளக்கும் கட்டுரை 1988இல் வெளிவந்தது. டிசிபி சாலை ஒழுங்கைக் கற்றுக்கொண்டது. யுடிபிக்கு மட்டும் பிரேக் இல்லை. வலையமைப்பைக் காப்பவர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்க இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் முதல் நேரடி ஒளிபரப்புகள் யுடிபியில்தான் வந்தன. 1993 ஜூன் 24ஆம் தேதி, கலிஃபோர்னியக் கணினிப் பொறியாளர்கள் சேர்ந்து நடத்திய ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற இசைக்குழு இணையத்தில் நேரடியாக வாசித்தது. 1994 நவம்பர் 18ஆம் தேதி புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழு டல்லாஸ் நகரிலிருந்து இணையத்தில் பாடத் தயாரானது. அவர்களுக்கு முன்பாகவே, யாரும் அழைக்காமல், அந்தப் பொறியாளர் குழு அதே வழியில் புகுந்து வாசித்துவிட்டது! படம் சிறியது, விட்டுவிட்டு ஓடியது. ஆனால் நேரத்தோடு வந்தது.

சுவர் எழுந்தது

பிறகு ஏன் நிலைமை மாறியது? அலுவலகங்களும் நிறுவனங்களும் பாதுகாப்புக்காக ஃபயர்வால் என்னும் தடுப்பை எழுப்பின. இணையப் பக்கம் வரும் வாசலை மட்டும் திறந்து வைத்து, யுடிபி வரும் வாசல்களைப் பல இடங்களில் அடைத்துவிட்டன. 1995இல் வந்த ரியல் ஆடியோ போன்ற மென்பொருள்கள் யுடிபியை விரும்பின. பின்னாளில் வழி இல்லாத இடங்களில் இணையப் பக்கத்தின் வாசலுக்கே அவை திரும்ப வேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய யூடியூப் அந்த வாசல் வழியாகவே, டிசிபி மூலம், படத்தை ஒரு கோப்பைப் போல இறக்கியது. அகன்ற அலைவரிசை இணைப்பு வீடுகளுக்கு வந்துவிட்டதால் முன்கூட்டியே சேமித்து வைத்து ஓட்டுவது எளிதாயிற்று.

2009இல் ஆப்பிள் நிறுவனம் நேரடிப் படத்தையும் துண்டு துண்டாக நறுக்கி, சாதாரண இணையப் பக்கம் போலவே அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. அன்று ஒரு துண்டு 10 விநாடி. மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினால் 30 விநாடி பின்தங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொள்ளும் இரகசியம் இதுதான். பின்னர் துண்டுகள் சிறியதாகிவிட்டன. தாமதத்தைக் குறைக்கும் புதிய வடிவத்தை ஆப்பிள் 2019இல் அறிவித்தது. ஆனாலும் துண்டாக நறுக்கிச் சேர்க்கும் முறையில் கொஞ்சமேனும் தாமதம் இருக்கத்தான் செய்யும்.

பயனும் இல்லாமல் இல்லை. இருக்கும் சாதாரண இணையச் சேவைக் கணினிகளைக் கொண்டே இலட்சக்கணக்கானவர்களுக்குப் படத்தைப் பரிமாற முடிந்தது. வேகம் குறைந்த இணைப்பில் படத்தின் தரம் தானாக இறங்கிக் கொடுத்தது. டிசிபி வென்றது படத்திற்கு ஏற்றது என்பதால் அல்ல. திறந்திருந்த வாசல் அதனுடையது என்பதால்.

யுடிபி திரும்பி வந்தது

முகம் பார்த்துப் பேசும் அழைப்புகள் யுடிபியைக் கைவிடவே இல்லை. கூகிள் நிறுவனம் 2013இல் அறிவித்த குவிக் என்ற நெறிமுறையும் யுடிபியின் மேல் கட்டப்பட்டதே. மறுபடி அனுப்புதல், நெரிசலில் அடங்குதல் ஆகிய நல்ல பழக்கங்களை அது தனக்குள் சேர்த்துக்கொண்டது. 2021 மே மாதம் அது உலகப் பொதுத் தரமாக வெளியானது. எங்கள் ஒளிபரப்புத் துறையில் பயன்படும் எஸ்ஆர்டி என்ற முறை 2017இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. தொலைந்த பொட்டலத்தைக் குறித்த நேரத்திற்குள் அது திரும்பக் கேட்கும். நேரம் தாண்டினால் விட்டுவிட்டு மேலே போகும். முழுமைக்கும் நேரத்திற்கும் இடையே ஓர் ஒப்பந்தம் என்று சொல்லலாம்.

இதெல்லாம் பொறியாளர்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்று கோயில் கும்பாபிஷேகத்தையும் திருமணத்தையும் நாமே ஒளிபரப்புகிறோம். பார்ப்பவர்கள் பார்க்க மட்டுமே போகிறார்கள் என்றால் 20 விநாடி தாமதம் குறையல்ல. படம் நிற்காமல் வருவதே முக்கியம். துண்டு முறையே போதும். ஆனால் வெளியூர் உறவினர் திரையிலிருந்தே மணமக்களை வாழ்த்திப் பேச வேண்டும் என்றால் அந்த முறை உதவாது. அவர் வாழ்த்தும்போது தாலி கட்டி முடிந்திருக்கும்!

நேயர்கள் தொலைபேசியில் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளிலும் இதே சிக்கல்தான். வீட்டில் ஒருவர், இணையத்தில் ஒருவர் என்று இரண்டு நேயர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பார்ப்பவர் கேள்வி முடிந்ததும் அழைத்துவிடுகிறார். இணையத்தில் பார்ப்பவருக்குக் கேள்வி போய்ச் சேரும்போது நேரம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அவர்கள் இளையோர். அவர்களை வெறும் பார்வையாளர்களாக நிறுத்துவதா, பேச்சில் சேர்த்துக்கொள்வதா என்பது நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஒளிபரப்பை ஏற்பாடு செய்யும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பார்ப்பவர் பதில் பேச வேண்டுமா, வேண்டாமா?