ஸ்ரீஹரிகோட்டாவில் நின்ற கவுன்ட்டவுன்கள்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அமைந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1971 அக்டோபரில் சிறிய ரோகிணி ராக்கெட்டோடு தொடங்கிய அந்த ஏவுதளத்தின் வரலாற்றைப் பறந்தவற்றைக் கொண்டே எழுதுவது வழக்கமாயினும், நின்றவற்றைக் கொண்டு எழுதினால், இயந்திரம் ‘சரியில்லை’ என்று சொன்னபோது மனிதர் என்ன செய்தனர் என்பது தெரியவரும்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 புறப்படும் முன், ஏதோ கோளாறு கண்டு கணினி ஏவுதலை நிறுத்தியதாகவும், வல்லுநர்களின் கணக்கை நம்பித் தாம் அதை மீறியதாகவும் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் பின்னாளில் மேடைகளில் கூறியுள்ளார். இரண்டாம் கட்டம் கட்டுப்பாடு இழந்து, ராக்கெட் கடலில் விழுந்தது.

இயந்திரம் ‘சரியில்லை’ என்றால் கேட்பதா, மீறுவதா என்ற இதே கேள்வி கணினி நிரல்களிலும் உண்டு. அதே ஆண்டில் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், பயனரின் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலாகிய ‘ஷெல்’லை ஸ்டீஃபன் பார்ன் புதிதாக எழுதியிருந்தார். யூனிக்ஸ் கட்டளை ஒவ்வொன்றும் முடியும்போது முடிவுநிலை எனப்படும் ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 வெற்றியையும் மற்றவை தோல்வியையும் குறிக்க, பார்னின் ‘இஃப்’ அவ்வெண்ணைப் பார்த்தே வழி பிரிகிறது. ஆயினும், எண்ணைக் கேளாத ஸ்கிரிப்டை (கட்டளைகளின் தொடரை) ஷெல் தடுப்பதில்லை. கோப்பகம் மாற்றும் வரி தோற்ற பின்னும் அடுத்த வரியின் அழிக்கும் கட்டளை ஓடி, வேறொரு கோப்பகத்தைத் துடைத்துவிடுவது நிரலாளர் தொழிலின் பழைய விபத்து. முதல் தோல்வியிலேயே நிற்கச் சொல்லும் ‘செட்’ கட்டளையின் தேர்வு இதற்கு ஓரளவே காவல். ஏனெனில் எப்போதும் வெற்றி சொல்லும் ‘ட்ரூ’ கட்டளையைத் தோற்கும் வரியின் முடிவில் மாற்றுவழியாக ஒட்டி, அக்காவலையே ஏமாற்றுவோரும் உண்டு.

மீண்டும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வருவோம். 2001 மார்ச் 28 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி1 புறப்பட ஒரு விநாடி இருந்தபோது, பக்கவாட்டு எஞ்சின்கள் நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை எனக் கண்ட தானியங்கி முறை ஏவுதலை நிறுத்தியது. யாரையும் கேட்க அப்போது நேரமில்லை; கேளாததே நன்மையாயிற்று. ராக்கெட் ஏப்ரல் 18 அன்று பறந்தது.

2023 அக்டோபர் 21 அன்று மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை, புறப்பட 5 விநாடிகள் இருக்கையில் நின்றது. ஆராய்ந்தபோது, கோளாறு கண்காணிப்பு முறையில்தான் என்று தெரிந்தது. 1979இல் போல நிறுத்தத்தை மீறாமல், காரணத்தைக் கண்டு சரிசெய்த பின்னரே கவுன்ட்டவுன் மீண்டும் தொடங்கப்பட்டு, காலை 10 மணிக்கு ராக்கெட் புறப்பட்டது.