உயிலில் கிடைத்த அத்தைப்பாட்டி

டெப்போ வேலைக்கென்று தேஹு ரோட்டுக்கு வந்த நம் குடும்பங்களில் தாத்தா பெயர் கேட்டால் சொல்வார்கள். தாத்தாவின் தங்கை பெயர் கேட்டால் முழிப்பார்கள். என் வீட்டிலும் அதே கதைதான். கடைக் கணக்கு நாற்பது வருஷத்துக்கு இருக்கிறது. வம்சாவளியில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே 1858 ஜனவரி வரை உயிலை மெய்ப்பித்துக் கொடுத்தவை பெரும்பாலும் பிஷப்புகளின் சர்ச் கோர்ட்டுகள். கான்டர்பரி பேராயர் கோர்ட்டில் 1384 முதல் பதிவான உயில்கள் லண்டன் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொத்துப் பட்டியலும் தர வேண்டுமென்று 1529ல் சட்டம் போட்டார்கள். இறந்தவர் வீட்டுச் சட்டி பானை, கட்டில், கடையில் மீந்த சரக்கு எல்லாம் விலையோடு! வியாபாரியான எனக்கு உயிலைவிட இந்தப் பட்டியல்தான் ருசி.

அந்த ஏற்பாடு கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. 1726 சாசனப்படி அமைந்த சென்னை மேயர் கோர்ட் புரோபேட் கொடுத்தது. பிறகு 1801ல் சுப்ரீம் கோர்ட், 1862ல் ஹைகோர்ட். கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர் உயில்களின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

நம்மவர் உயிலென்றால் பச்சையப்ப முதலியார் நினைவுக்கு வருவார். 1794 மார்ச்சில் தர்மத்துக்கென்று உயில் எழுதி, அதே மாதம் திருவையாற்றில் காலமானார். பணம் வருஷக்கணக்காக வழக்கில் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் முயன்றதால் 1842ல் பள்ளிக்கூடமாயிற்று. அந்தக் காகிதம் இல்லையென்றால் பச்சையப்பன் கல்லூரி ஏது?

1870 இந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகரங்களில் ஜைனருக்கும் சேர்த்தே வந்தது. எழுத்தில் இருக்கணும், இரண்டு சாட்சி வேணும். நம்மில் பலர் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கம். அங்கே ஹைகோர்ட்டில் தேடி அலைய வேண்டாம். சார்பதிவாளர் ஆபீசில் மூன்றாம் புத்தகம் என்று ஒன்று உண்டு. பதிவு செய்த உயில்கள் அதில்தான் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் ஏஜெண்டுக்கோ மட்டுந்தான் நகல் தருவார்கள்; காலமான பின் யார் மனுப் போட்டாலும் கிடைக்கும். வருஷம் தெரிந்தால் வேலை சுலபம்.

நானும் போட்டேன். மூன்று தடவை ஊருக்குப் போய்வந்த பிறகு தாத்தாவின் உயில் நகல் கைக்கு வந்தது. நஞ்சை, புஞ்சை, கிணற்றில் பங்கு என்று ஆண்பிள்ளைகளுக்குப் பிரித்திருந்தார். கடைசியில் நாலு வரி: விதவைத் தங்கை ஆயுள் முழுக்கத் தெற்கு அறையில் இருக்கலாம், வருஷத்துக்கு ஆறு மூட்டை நெல் தரவேண்டும். அவர் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நெல் கொடுத்தார்களா என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை. வம்சாவளி நோட்டில் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி வைத்தேன்.