விஸ்ட்மன் காடு

விஸ்ட்மன் காடு என்பது இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் நடுப்பகுதியில், மேற்கு டார்ட் ஆற்றின் கிழக்குக் கரைச் சரிவில் அமைந்துள்ள சிறிய ஓக் மரக்காடாகும். ஏறத்தாழ 3.5 ஹெக்டேர், அதாவது எட்டரை ஏக்கர் அளவே பரப்புள்ள இக்காடு, கடல்மட்டத்திலிருந்து 380 முதல் 410 மீட்டர் வரையிலான உயரத்தில், கருங்கல் பாறைகளின் இடுக்குகளில் வேரூன்றி நிற்கும் குறுகி வளைந்த ஓக் மரங்களுக்கும், அவற்றின் கிளைகளை மூடி வளரும் பாசிகளுக்கும் லைக்கன்களுக்கும் பெயர்பெற்றது. டார்ட்மூரின் உயர்நிலத்தில் எஞ்சியுள்ள மூன்று பழைய ஓக் காடுகளுள் இது ஒன்று. எர்ம் ஆற்றங்கரையிலுள்ள பைல்ஸ் காப்ஸும் மேற்கு ஓக்மென்ட் ஆற்றங்கரையிலுள்ள பிளாக்-எ-டார் காப்ஸும் மற்றவை.

அமைவிடமும் நிலவமைப்பும்

1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட டார்ட்மூர், 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் அடித்தளமான கிரானைட் பாறை சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு இறுகி உருவானதாகும். மேலிருந்த பாறையும் மண்ணும் அரிக்கப்பட்டபின் குன்றுகளின் உச்சியில் தலைகாட்டும் பாறைக் குவியல்களை அப்பகுதி மக்கள் ‘டார்’ என்கின்றனர். பனியூழிக் காலத்தில் பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் பாறைகளைப் பிளந்ததால், டார்களிலிருந்து பெயர்ந்த பெருங்கற்கள் சரிவுகளில் பரவிக் கிடக்கின்றன. ‘கிளிட்டர்’ எனப்படும் இத்தகைய கற்பரப்பின் மீதுதான், லாங்காஃபர்ட், லிட்டாஃபர்ட் டார்களுக்குக் கீழே, தென்மேற்கு நோக்கிய சரிவில், தெற்கு, நடு, வடக்கு என மூன்று தோப்புகளாக விஸ்ட்மன் காடு அமைந்துள்ளது.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று முதலில் மோதும் உயர்நிலங்களுள் டார்ட்மூரும் ஒன்றாதலால், காட்டுக்கு அருகிலுள்ள பிரின்ஸ்டவுன் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மூடுபனியும் தூறலும் ஆண்டு முழுவதும் நீடிக்க, கோடையில் கடும் வெப்பமும் குளிர்காலத்தில் கடும் உறைபனியும் நெடுநாள் நிலைப்பதில்லை. இத்தகைய குளிர்ந்த, இடையறாது ஈரம் தங்கும் சூழலில் தொற்றுத் தாவரங்கள் செழித்து வளரும் காடுகள் ‘மிதவெப்ப மழைக்காடுகள்’ எனப்படுகின்றன. ஒருகாலத்தில் பிரிட்டனின் மேற்குக் கரையோரம் பரவலாக இருந்த அவ்வகைக் காடுகளுள் இன்று சிறு துண்டுகளே எஞ்சியுள்ளன.

மரங்கள்

காட்டின் முதன்மை மரம், இங்கிலாந்தின் தாழ்நிலங்களில் பரவலாகக் காணப்படும் ‘பெடங்குலேட் ஓக்’ ஆகும். இதன் கொட்டைகள் நீண்ட காம்பில் தொங்குகின்றன. பிரிட்டனின் மேற்கத்திய மலைச்சரிவுகளில் காம்பற்ற கொட்டைகளையுடைய வேறொரு ஓக் இனமே பெரும்பாலும் வளர்வதால், இவ்வளவு உயரத்தில் பெடங்குலேட் ஓக் காடாக நிற்பது தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஓக் மரங்களுக்கிடையே ரோவன், ஹாலி, ஹாத்தார்ன், வில்லோ ஆகியனவும் ஆங்காங்கே உள்ளன.

தாழ்நிலத்தில் 20 மீட்டருக்கு மேல் உயரக்கூடிய பெடங்குலேட் ஓக் இங்கே குட்டையாக வளர்வதற்குப் பலத்த காற்று, குறுகிய வளர்பருவம், சத்துக் குறைந்த அமில மண் ஆகியன காரணங்கள். பழைய மரங்களின் அடிமரம் பாறைமேல் படுத்தும், முழங்கைபோல் மடங்கியும், பின்னர் நிமிர்ந்தும் வளர்ந்திருக்க, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மிகப் பழைய மரங்களின் வயது 400 முதல் 500 ஆண்டுகள்வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

இம்மரங்கள் பிழைத்திருப்பதற்கு முதற்காரணம் அவை நிற்கும் கற்களே. டார்ட்மூர் நெடுங்காலமாக ஆடு, மாடு, மட்டக்குதிரை ஆகியவற்றின் மேய்ச்சல் நிலமாதலால், திறந்த வெளியில் முளைக்கும் ஓக் கன்றுகள் பெரும்பாலும் மேயப்பட்டுவிடுகின்றன. கற்களின் இடுக்கில் விழுந்து முளைத்த கன்றுக்கோ கால்நடையின் வாய் எட்டுவதில்லை. காற்றின் வேகமும் அங்கே குறைகிறது. கல்லின் மறைவைத் தாண்டித் தலைநீட்டும் வயதில் கன்று ஓரளவு மேய்ச்சலைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகிறது.

தொற்றுத் தாவரங்கள்

வேறொரு தாவரத்தின் மீது, அதன் சாற்றை உறிஞ்சாமல், இடத்தை மட்டும் பற்றிக்கொண்டு வளர்பவை தொற்றுத் தாவரங்கள் ஆகும். விஸ்ட்மன் காட்டின் பாறைகளையும் அடிமரங்களையும் பாசிகளும், அவற்றின் உறவினங்களான ஈரலுருத் தாவரங்களும் தடித்த மெத்தையாகப் போர்த்தியுள்ளன. அம்மெத்தையில் சேரும் மட்கில் பாலிபோடி என்னும் பெரணிகளும் பில்பெரிச் செடிகளும் வேர்விட்டு, தரையில் வளர வேண்டியவை கிளைகளின் மேல் வளர்கின்றன.

பூஞ்சையும் ஆல்கா எனப்படும் நுண்பாசியும் இணைந்து ஓருயிராக வாழும் கூட்டுயிரிகளான லைக்கன்கள் இக்காட்டின் மற்றொரு செல்வம். தமிழகச் சமையலில், குறிப்பாகச் செட்டிநாட்டு உணவில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் கல்பாசியும் லைக்கன்தான். அது அடங்கிய பார்மோட்ரீமா பேரினத்தின் லைக்கன்கள் தென்மேற்கு இங்கிலாந்தின் மரங்களிலும் வளர்கின்றன. குதிரைமயிர்போல் கரிய இழைகளாகத் தொங்கும் பிரயோரியா ஸ்மித்தி என்னும் இனம், பிரிட்டனில் மிக அரிதாகக் காணப்படுவது, விஸ்ட்மன் காட்டில் வாழ்கிறது. லைக்கன்கள் மிக மெதுவாக வளர்பவை. அவற்றுள் பல தூய காற்றையும் மாறாத ஈரத்தையும் நெடுங்காலம் அசையாத மரப்பட்டையையும் நாடுபவை. எனவே அவை மிகுந்திருப்பது, ஒரு காடு பன்னெடுங்காலம் இடையறாது நின்றிருப்பதன் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

டார்ட்மூரின் சதுப்புகளில் படிந்துள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்ததிலிருந்து, இன்று புல்லும் ஹீத்தர் புதரும் மூடிய இம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் மரங்கள் அடர்ந்திருந்தது என்பது தெரியவருகிறது. இடைக்கற்கால வேட்டைக்குடிகள் தீயிட்டுத் தொடங்கிய காட்டழிப்பு, வெண்கலக் காலத்தில் உழவும் மேய்ச்சலும் பரவியபோது விரைவுற்றது. அக்காலத்துக் குடில்களின் கல்வட்டங்களும் வயல் எல்லைச் சுவர்களும் டார்ட்மூர் எங்கும் இன்றும் கிடக்கின்றன.

காட்டைச் சூழ்ந்த நிலமும் ஆளரவமற்றதாக இருந்ததில்லை. கிழக்கே உள்ள முகட்டின் மீதிருக்கும் குரோக்கர்ன் டாரில் டெவன் நாட்டு வெள்ளீயத் தொழிலாளர்கள் தம் சட்டமன்றத்தைக் கூட்டினர். டார்ட்மூரின் கிழக்குப் பண்ணைகளில் இறந்தோரை லிட்ஃபர்ட் ஆலயத்துக்குச் சுமந்துசென்ற ‘லிச் வழி’ என்னும் பிணப்பாதை இப்பள்ளத்தாக்கைக் கடந்து சென்றது. 1260-இல் ஆயர் பிரான்ஸ்கோம் அப்பண்ணைகளில் வாழ்ந்தோருள் ஒரு பகுதியினருக்கு அருகிலுள்ள வைட்கோம் ஆலயத்தையே பயன்படுத்த இசைவளித்தார். எதிர்க்கரையில் ஓடும் டெவன்போர்ட் கால்வாய், பிளிமத் துறைமுகப் பகுதிக்கு நீர் கொண்டுசெல்ல 1790-களில் வெட்டப்பட்டது. இறைச்சிக்காக முயல் வளர்க்கக் கட்டப்பட்ட நீள்மண்மேடுகளும் காட்டையொட்டிக் காணப்படுகின்றன.

காட்டைப் பற்றிய பழைய எழுத்துக் குறிப்புகளுள் ஒன்று, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெவன் நாட்டை விவரித்து எழுதிய டிரிஸ்ட்ராம் ரிஸ்டனுடையது. மரங்களின் உச்சி அங்கு நிற்கும் மனிதனின் தலையளவே இருந்ததாக அவர் குறித்துள்ளார். 1866-இல் வென்ட்வொர்த் புல்லர் என்பவர், நில உரிமையாளரான வேல்ஸ் இளவரசரின் இசைவுடன் ஒரு மரத்தை வெட்டி, வளையங்களை எண்ணி, அது 160 ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கணித்தார். அச்செய்தி பொறிக்கப்பட்ட ‘புல்லர் கல்’ காட்டின் அருகே இன்றும் உள்ளது.

பழைய ஒளிப்படங்களையும் குறிப்புகளையும் இன்றைய நிலையோடு ஒப்பிட்ட ஆய்வுகள், காடு மாறாமல் உறைந்து நின்ற ஒன்றல்ல என்பதைக் காட்டின. 20-ஆம் நூற்றாண்டில் மரங்களின் உயரம் ஏறத்தாழ இருமடங்காகி, 1997-இல் சராசரி 7 மீட்டராகவும் அதிகபட்சம் 12 மீட்டராகவும் இருந்தது. 1900-ஐ ஒட்டித் தொடங்கி, ஓரங்களில் புதிய ஓக் மரங்கள் முளைத்துக் காட்டின் பரப்பும் ஏறத்தாழ இரட்டித்தது. கற்களின் மறைவின்றி வளர்ந்த இப்புதிய மரங்கள், பழையவற்றைப்போல் முறுக்குண்டு படுக்காமல், ஒற்றை அடிமரத்துடன் ஓரளவு நேராக நிற்கின்றன. தட்பவெப்பம் கடுமை தணிவதும், மேய்ச்சல் சில ஆண்டுகள் தளர்வதும் சேர்ந்தால் இக்காடு தானாகவே விரியும் ஆற்றல் உடையது என்பதை இந்த மாற்றம் உணர்த்துகிறது.

நம்பிக்கைகளும் இலக்கியமும்

டெவன் வட்டார வழக்கில் ‘விஷ்ட்’ என்பது அச்சமும் துயரமும் கலந்த தன்மையைக் குறிக்கும். காட்டின் பெயர் இதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. இரவில் பேய்வேட்டைக்காரனோடு மேட்டுநிலத்தில் ஓடும் ‘விஷ்ட் வேட்டைநாய்கள்’ பகலில் இக்காட்டுப் பாறைகளுக்கிடையே உறங்குவதாக மக்கள் நம்பினர். பழங்காலக் கெல்டியப் பூசாரிகளான துருயிதுகளின் புனிதத் தோப்பு இது என 18, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் சிலர் எழுதியதற்குத் தொல்லியல் ஆதாரம் எதுவும் இல்லை. புதின ஆசிரியர் ஜான் ஃபவுல்ஸ், 1979-இல் வெளியான ‘தி ட்ரீ’ என்னும் கட்டுரை நூலின் இறுதிப் பகுதியில் இக்காட்டுக்குச் சென்றதை விவரித்துள்ளார்.

வருகை

காட்டை அடைய வண்டிச்சாலை இல்லை. டார்ட்மூரைக் குறுக்கே கடக்கும் இரு சாலைகள் கூடும் டூ பிரிட்ஜஸ் என்னும் சிற்றூரில், விடுதிக்கு எதிரே ஒரு பழைய கல்குவாரியில் அமைந்த சிறு வண்டிநிறுத்தத்திலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொடக்கத்தில் பண்ணைவீட்டுக்குச் செல்லும் தடமாகவும், பின்னர் புல்வெளியில் கற்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதையாகவும் வழி நீள்கிறது. ஏற்றம் மிதமானதே எனினும், மழைக்குப்பின் சேறு மிகுவதாலும், மூடுபனி திடீரெனச் சூழ்ந்து திசையை மறைக்கக்கூடியதாலும், நீர்புகாத காலணியும் மழைமேலாடையும் நிலவரைபடமும் உடன்கொள்வது வழக்கம்.

உயரத்தின் காரணமாக ஓக் தளிர்கள் இங்கே தாழ்நிலத்தைவிடத் தாமதமாகவே விரிகின்றன. இலையற்ற மாதங்களில் ஒளி தடையின்றிப் புகுவதால் பாசிகளின் பசுமையும் கிளைகளின் வளைவும் தெளிவாகத் தெரியும். கோடையில் இலைக்கூரைக்குக் கீழ் நிழல் செறிந்து, பெரணிகள் முழு வளர்ச்சியடைந்திருக்கும். வெயில் காயும் கற்களில் ஆடர் எனப்படும் நச்சு விரியன்கள் படுத்திருக்கக்கூடும் என்பதால் கால்வைக்கும் இடத்தில் கவனம் தேவை. டார்ட்மூரின் பொதுநிலங்களில் நடந்து சுற்றும் உரிமையை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கு உறுதிசெய்துள்ளது. தரையில் கூடுகட்டும் பறவைகளின் நலன்கருதி, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களைக் குறுவாரில் பிணைத்தே அழைத்துச்செல்ல வேண்டும்.

ஒளிப்படங்கள் வழியே காட்டின் புகழ் பரவியதால், 21-ஆம் நூற்றாண்டில் வருகையாளர் எண்ணிக்கை பெருகியது. மரங்களுக்கிடையே சமதரை ஏதும் இல்லாததால், உள்ளே நுழைவோர் ஒவ்வோர் அடியையும் பாறைமேலுள்ள பாசியின் மீதே வைக்க நேர்கிறது. பிடிப்புக்காகப் பற்றும் கிளையிலிருந்து லைக்கன்கள் உரிந்துவிடுகின்றன. தீ மூட்டுவதும், கூடாரமிடுவதும், கிளைகளில் ஏறுவதும் மேலும் கேடு செய்கின்றன. சில நொடிகளில் பெயர்ந்துவிடும் பாசிப்போர்வை மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே காட்டைப் பேணுவோர், உள்ளே செல்லாமல் ஓரமாகச் செல்லும் பாதையில் நடந்தே காட்டைக் காணுமாறு வருகையாளரை வேண்டுகின்றனர். காடு சிறியதாகவும் சரிவில் அமைந்ததாகவும் இருப்பதால், முறுக்குண்ட மரங்களும் பாசிபடர்ந்த கற்களும் கிளைமேல் பெரணிகளும் ஓரத்திலிருந்தே நன்கு தெரிகின்றன.

பாதுகாப்பு

1964-இல் இக்காடும் சுற்றியுள்ள நிலமும் ‘தனி அறிவியல் முக்கியத்துவமுள்ள இடம்’ என அறிவிக்கப்பட்டன. காடு தேசிய இயற்கை ஒதுக்ககமாகவும் விளங்குகிறது. நிலம் கார்ன்வால் டச்சி எனப்படும், பட்டத்து இளவரசருக்குரிய பெருநில உடைமையைச் சேர்ந்தது. அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ அதனோடு இணைந்து செயல்படுகிறது.

மேய்ச்சல் மிகுந்தால் கன்றுகள் பிழைப்பதில்லை. அறவே நின்றுவிட்டால் உயர்புல்லும் முட்புதரும் மண்டி, ஒளியை நாடும் லைக்கன்களை மறைத்துவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே பராமரிப்பின் முதன்மைச் சிக்கலாகும். 2020-களின் தொடக்கத்தில், டச்சி தன் குத்தகை உழவர்களோடும் நேச்சுரல் இங்கிலாந்தோடும் சேர்ந்து, 2040-ஆம் ஆண்டுக்குள் காட்டின் பரப்பை இருமடங்காக்கும் திட்டத்தை அறிவித்தது. துண்டுபட்ட சிறு காடு புயலுக்கும் தீக்கும் மாறிவரும் தட்பவெப்பத்துக்கும் எளிதில் இரையாகும் என்பதாலும், லைக்கன்கள் பரவி வாழ அண்மையில் புதிய மரங்கள் தேவை என்பதாலும் இத்திட்டம் இன்றியமையாததாகிறது.

விஸ்ட்மன் காடு இந்நாள்வரை நிலைத்ததற்கு மனிதரும் கால்நடையும் அதனுள் எளிதில் புக முடியாமையே பெருங்காரணம். ஆனால் ஆர்வத்தோடு வருவோரைக் கற்கள் தடுப்பதில்லை. ஆகவே அக்காவலின் ஒரு பங்கு இனி வருகையாளரின் கட்டுப்பாட்டைப் பொறுத்ததாகிறது. எட்டரை ஏக்கர் காட்டின் விளிம்பில் நின்று காண்பதோடு நிறைவுகொள்வது, அதன் மரங்களுக்குக் கிடைக்கும் நேரடியான பாதுகாப்பு ஆகும்.